வாரம் ஒரு 'இல்லை'

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்களும் நலம் என்றே உங்கள் படிவங்கள் சொல்கின்றன.

இன்று உங்கள் கிளினிக்கிலிருந்து ஒரே உறையில் நான்கு படிவங்கள் வந்தன. ஒன்று போன வாரத்துக்கு. மற்ற மூன்றும் இனிமேல் வரப்போகும் வாரங்களுக்கு. நான்கிலும் தொற்றுநோய் என்ற இடத்தில் 'இல்லை'. நான்கிலும் உங்கள் கையெழுத்து. மார்ச் 24 வரை தன் தெருவில் யாருக்கும் எதுவும் வராது என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுப்பது இந்தச் சுகாதார அலுவலகத்துக்குப் புதிது. மேலதிகாரி சிரித்தார். நான் உங்கள் தங்கை என்று தெரியும் என்பதால் கொஞ்சம் குறைவாகச் சிரித்தார்.

கம்பவுண்டருக்குப் போன் செய்தேன். "டாக்டர் வருஷ ஆரம்பத்துலயே அம்பத்திரண்டுலயும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரும்மா. நான் வாராவாரம் இல்லைன்னு எழுதி அனுப்புவேன். இந்தத் தடவை நாலு ஒட்டிக்கிட்டுப் போயிடுச்சு" என்றார். மறைக்கக்கூடத் தெரியவில்லை அவருக்கு. உங்களிடம் இருப்பவர்களில் அவர்தான் நல்லவர்.

'இல்லை' என்பதும் செய்திதான் அண்ணா. பார்த்துவிட்டு எழுதினால்.

உங்கள் தெருவின் இரண்டு முனைகளிலும் இருக்கும் கிளினிக்குகள் பதினொரு கக்குவான் இருமலைத் தெரிவித்திருக்கின்றன. நடுவில் இருப்பது உங்களுடையது. என் சுவரில் இருக்கும் வரைபடத்தில் இரு பக்கமும் சிவப்பு ஊசிகள், நடுவில் வெறும் காகிதம். நோய் உங்கள் வாசலில் மட்டும் குனிந்து கும்பிட்டுவிட்டுத் தாண்டிப் போகிறது போல.

நீங்கள் போனை எடுக்க மாட்டீர்கள். படிவம் வாங்க வருகிறவரின் பையிலேயே இந்தக் கடிதம்.

தங்கை


மார்ச் 6

தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். சிரிப்பு இருமலில் முடிந்தது. நாலு நாளாக இருக்கிறது. கிளினிக்குக்கு வெள்ளையடிக்கிறார்கள், தூசி.

நான் ஒரு நாளைக்கு எண்பது பேரைப் பார்க்கிறேன். நீ எண்பது காகிதத்தைப் பார்க்கிறாய். இரண்டும் ஒன்று என்று உனக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

கக்குவான் என்று ஒரு வரி எழுதினால் மறுநாள் காலை உன் ஆட்கள் நாலு பேர் முகமூடி மாட்டிக்கொண்டு என் வாசலில் நிற்பார்கள். எதிர்வீட்டுத் தையற்காரர் தன் மூன்று பிள்ளைகளையும் தெருமுனைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போய்விடுவார். பிள்ளைகள் என்றால் இருமும். சிரப் கொடுத்திருக்கிறேன். இதற்கு வரைபடம் வேண்டாம்.

நீயும் மருத்துவம் படித்திருக்கலாம். மார்க் வரவில்லை. அந்தக் கோபத்தை என் படிவத்தில் காட்டாதே.

பத்தாம் தேதி என் மகள் வருகிறாள். பிரசவம் முடிந்த பிறகும் இங்கேதான் இருப்பாள். கிளினிக்குக்கு மேலே மாடி அறையைத் தயார் செய்கிறோம். ஊசியையெல்லாம் பெட்டியில் போட்டு வைத்துவிட்டு ஒரு நாள் வந்து போ. உன் இரண்டு அறை வீட்டில் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பாய்.

அண்ணன்


மார்ச் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

தையற்காரர் வீட்டுக்குப் போனேன். முகமூடி போட்டுக்கொண்டுதான்.

சின்னவனுக்கு இருமல் வந்தது. விட்டு விட்டு அல்ல. ஒன்றின் மேல் ஒன்றாக, பதினைந்து, இருபது. முகம் சிவந்து, கண் பிதுங்கி, கடைசியில் மூச்சை உள்ளே இழுக்கும்போது கூவல் போல ஒரு சத்தம். பிறகு வாந்தி. பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி விளையாடப் போய்விட்டான். "தூசின்னு சொன்னாரு டாக்டர். தூசின்னா மூணு வாரமாவா இழுக்கும்?" என்றார் தையற்காரர். உங்களை விட நன்றாகக் கேள்வி கேட்கிறார்.

உங்கள் இருமலும் அதுதான். பெரியவர்களுக்கு அது வெறும் இருமலாகவே வந்துவிட்டுப் போகும். சின்ன வயதில் போட்ட ஊசியின் பலம் எல்லாம் எப்போதோ தேய்ந்திருக்கும். பிறந்த குழந்தைக்கு அப்படியில்லை. அது இருமாது. மூச்சை நிறுத்தும். இதை நீங்கள் படித்திருக்கிறீர்கள். மார்க்கும் வாங்கியிருக்கிறீர்கள். படிக்காத நான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆறு மாத்திரை. முதல் நாள் இரண்டு, பிறகு நாளுக்கு ஒன்று. ஐந்து நாளும் முடியும்வரை மாடிக்குப் போகாதீர்கள். உங்கள் மகளுக்கு ஏழாம் மாதத்துக்கு மேல் போட வேண்டிய கக்குவான் தடுப்பூசி போட்டாயிற்றா?

இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். என்னைத் திட்டுவதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்ளலாம்.

தங்கை


மார்ச் 13

தங்கைக்கு,

நேற்று பெண் குழந்தை. மூன்று கிலோ. முதலில் கையில் வாங்கியது நான்தான். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டுதான் இருமுகிறேன், கவலைப்படாதே.

ஊசி போடவில்லை. என் மகளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். மேஜை டிராயரைத் திறந்தால் நீ சொல்லும் மாத்திரை நூறு இருக்கிறது, மருந்து கம்பெனிக்காரன் சும்மா கொடுத்தது. ஊருக்கே கொடுப்பவனுக்கு நீ சீட்டு எழுதுகிறாய்.

பயந்து பயந்து பிழைக்கிறவர்களுக்காகவே ஒரு அலுவலகம் கட்டி, அதில் உன்னை உட்கார வைத்திருக்கிறார்கள்.

குழந்தையை எப்போது பார்க்க வருகிறாய்?

அண்ணன்


மார்ச் 23

தங்கைக்கு,

நேற்று மதியத்திலிருந்து குழந்தை பெரிய ஆஸ்பத்திரியில். இருமவில்லை. பால் குடித்துக்கொண்டிருந்தாள். உதடு நீலமானது. என் மகள் கத்தினாள். நான்தான் முதுகில் தட்டினேன். பத்து வினாடி இருக்கும். எண்ணவில்லை.

தொண்டையில் மாதிரி எடுத்திருக்கிறார்கள். வீட்டில் யாருக்கு இருமல் என்று கேட்டார்கள். கம்பவுண்டருக்கு என்றேன். அவனுக்கும் இருக்கிறது, பொய்யில்லை. அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டேன்.

ஆஸ்பத்திரியின் படிவம் இன்று உன் மேஜைக்கு வரும். யாரிடமிருந்து தொற்றியது என்று ஒரு இடம் இருக்குமே. அதில் அவனையே எழுது. அண்ணனாகக் கேட்கிறேன். என் மகளுக்குத் தெரிய வேண்டாம்.

அண்ணன்


மார்ச் 24

அண்ணாவுக்கு,

படிவம் வந்தது. கம்பவுண்டரும் வந்தார். அவருக்கு இருமல் ஆரம்பித்தது பன்னிரண்டாம் தேதி. உங்களுக்கு மார்ச் இரண்டு. நீங்கள் எழுதிய கணக்குத்தான். அவர் உங்களிடமிருந்து வாங்கிக்கொண்டார். பதினெட்டு வருடத்தில் நீங்கள் அவருக்குக் கொடுத்ததில் இதுவும் ஒன்று. "டாக்டருக்கு எதுவும் ஆகாம பாத்துக்கோங்கம்மா" என்றார். எனக்கு வந்த கோபத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

அந்த இடத்தில் உங்களை எழுதினேன்.

ஆஸ்பத்திரிக்கும் போனேன். குழந்தை மூக்கில் குழாயோடு இருக்கிறாள். இன்று ஒரு மணி நேரம் குழாய் இல்லாமல் இருந்தாள். யாரிடமிருந்து தொற்றியது என்று உங்கள் மகள் என்னிடம் கேட்டாள். சொன்னேன். "அப்பாவா?" என்றாள். போர்வையை மடித்து மடித்து வைத்தாள்.

நேற்று மதியம் எங்கள் நாலு முகமூடிகள் உங்கள் தெருவுக்குப் போயின. தையற்காரர் பிள்ளைகளோடு சேர்த்து ஒன்பது பேருக்கு மருந்து. கர்ப்பிணிகள் நாலு பேர், நாலு பேருக்கும் ஊசி. ஒரே மதியம் அண்ணா. மூன்று வாரமாக நாங்கள் கேட்டது அதைத்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் என் இரண்டு அறைக்கு வருகிறாள். அவளே சொன்னாள். மாத்திரையைச் சாப்பிடுங்கள். சாப்பிட்டு முடித்ததும் தெரிவியுங்கள். பிறகு வருவதா வேண்டாமா என்று அவள் சொல்வாள்.

தங்கை


ஏப்ரல் 6

அண்ணாவுக்கு,

குழந்தை வந்துவிட்டாள். இரண்டு கிலோ எழுநூறு. பால் குடிக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். நிறம் மாறவில்லை.

இன்று பையில் உங்கள் உறை வந்தது. கடிதம் இல்லை. ஒரு மாத்திரை அட்டை. ஆறு குழியும் காலி.

உங்கள் மகளிடம் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்த்தாள்.

"சாப்பிட்டிருப்பாரா அத்தை?" என்றாள்.

சாப்பிட்டிருப்பார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். உண்மையாகவே சாப்பிட்டும் இருக்கலாம் நீங்கள். ஐம்பத்திரண்டு கையெழுத்துகள் ஞாபகம் வந்தன. அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தாள்.

தங்கை