குறட்டை விட்டால் பயமில்லை

பிப்ரவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் நலமென்று நானே சொல்லிக்கொள்கிறேன். முதுகுவலியைப் பற்றி நீயாக ஒரு வரி எழுத மாட்டாயே. வீட்டுப் போன் எந்நேரமும் அப்பாவின் சட்டைப் பையிலேயே இருப்பதால் இதையும் உன் தையல் கம்பெனிக்கே அனுப்புகிறேன். காலர் தைக்கும் அக்காக்கள் பிரித்துப் படித்துவிடாமல் பார்த்துக்கொள்!

இங்கே எனக்கு ஒரு பட்டப்பெயர் வந்திருக்கிறது. ஹெட் நர்ஸ். இந்த விடுதியில் பாஸானாலும் பாட்டில், ஃபெயிலானாலும் பாட்டில். குடிக்காதவளைப் பார்த்து, "நீ என்ன சாமியாரா?" என்கிறார்கள். என் அறைத்தோழிதான், நாங்கள் வாயாடி என்று கூப்பிடுகிறவள், "அவளை விடுங்கடி, நம்மளை அள்ளிப்போட ஒருத்தி வேணும்ல?" என்று எனக்குப் பரிந்து பேசினாள். அன்றிலிருந்து யார் கவிழ்ந்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். செருப்பைக் கழற்றி, தலைமாட்டில் வாளி வைத்து, போர்த்திவிடுகிறேன். "எங்கடி கத்துக்கிட்ட?" என்று கேட்டால் சிரித்து மழுப்புகிறேன்.

ஒரு சந்தேகம். போன வாரம் ஒருத்தி எழுப்ப எழுப்ப எழவில்லை. அப்படியிருந்தால் என்ன செய்வது? உன்னைவிட அனுபவசாலி யார்!

உன் மகள்

பிப்ரவரி 17

என் ராசாத்திக்கு,

நீ அந்தச் சனியனைத் தொடவில்லை என்று எழுதியிருந்தாயே, என் வயிற்றில் பால் வார்த்தாய். ஆனால் படிக்கப் போன இடத்திலும் உனக்கு இந்த வேலைதானா என்று நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. அந்தப் பெண்களைப் பெற்றவர்கள் என்ன பாடுபட்டு அனுப்பினார்களோ.

கேட்டதற்குச் சொல்கிறேன். குறட்டை விட்டால் பயமில்லை. உன் அப்பாவை இத்தனை வருஷமாகப் பார்க்கிறேனே. குறட்டை வந்துவிட்டால் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திவிடு, தானாகத் தெளிந்துவிடும். ஆஸ்பத்திரி, அது இது என்று ஓடினால் நாலு பேருக்குத் தெரிந்து, பெண்பிள்ளைகள் பெயர் கெடும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

அம்மா

ஏப்ரல் 28

அம்மா,

வாயாடி செத்துப் போய்விட்டாள்.

கடைசிப் பரீட்சை முடிந்த மத்தியானம் எங்கள் அறையிலேயே உட்கார்ந்தார்கள். தம்ளரை வாயிலிருந்து எடுக்காமல் குடிக்க வேண்டும் என்று பந்தயம். நான், "போதும்டி" என்றேன். "ஹெட் நர்ஸ் இருக்கா, எனக்கென்ன பயம்!" என்று இன்னொரு தம்ளரை ஊற்றிக்கொண்டாள். அப்படியே சரிந்தாள். செருப்பைக் கழற்றி மல்லாக்கப் படுக்க வைத்தேன். பக்கத்து அறைப் பெண், "இவ முகமே சரியில்ல, வார்டனைக் கூப்பிடலாம்" என்று எழுந்தாள். நான்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "குறட்டை விடுறா பாரு, ஒண்ணும் ஆகாது. எனக்குத் தெரியும்."

பிறகு குறட்டை நின்றது. அப்பாடா, நன்றாகத் தூங்கிவிட்டாள் என்று கதவைச் சாத்திவிட்டு நான் துணி துவைக்கப் போனேன், அம்மா.

டாக்டர் சொன்னார், அது குறட்டையே இல்லையாம். மூச்சு போய்வர வழியில்லாமல் தவித்த சத்தமாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாளாம். அவள் கட்டில் எதிரிலேயே இருக்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மகள்

மே 4

கண்ணு,

உன் எழுத்தைப் பார்த்ததிலிருந்து கை ஓடவில்லை. காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்து சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். இதில் உன் தப்பு ஒன்றுமில்லை. குடித்தது அவள். அவள் தலையெழுத்து அவ்வளவுதான்.

விசாரணை என்று கூப்பிடுவார்கள். துணி துவைக்கப் போயிருந்தேன், எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடு. வீட்டில் கற்றது என்று மட்டும் வாய் திறக்காதே. உன் அப்பா விஷயம் வெளியே வந்தால் நாம் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

அம்மா

மே 19

அம்மா,

விசாரணையில் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். யார் சொல்லிக் கொடுத்தது என்றார்கள். என் வீட்டில் என்றேன்.

அவளுடைய துணிமணிகளை எடுத்துப் போக அவள் அம்மா வந்திருந்தார். விசாரணையில் நான் பேசியது அவருக்குத் தெரியாது. "கடைசியில வலிச்சிருக்குமாம்மா அவளுக்கு?" என்று கேட்டார். "இல்லம்மா, தூங்கிட்டுத்தான் இருந்தா" என்றேன். என் கையை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தேன். குறட்டை நல்லது என்பது அப்பாவுக்காக இல்லை, நமக்காக. குறட்டை விட்டால் கத்த மாட்டார், அக்கம்பக்கத்துக்குக் கேட்காது. அதைப் போய் நான் வைத்தியம் என்று நம்பினேன். இப்போதும் நீ வெளியே தெரியக்கூடாது என்றுதான் எழுதுகிறாய்.

விடுமுறைக்கு வரவில்லை. கடிதமும் வேண்டாம். அப்பாவை மல்லாக்கப் படுக்க விடாதே.

மகள்

ஜூன் 2

கண்ணு,

எழுதாதே என்றாய். இது ஒன்றை மட்டும் படித்துவிடு.

நேற்று உன் அப்பா கூடத்தில் மல்லாந்து கிடந்தார். குறட்டை. இத்தனை வருஷம் அது கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். நேற்று எழுந்து ஓடினேன். தனியாகப் புரட்டப் பார்த்தேன், முடியவில்லை. பாதி விழித்துக் கத்தினார், கைபட்டுத் தட்டுகள் சரிந்தன. எதிர்வீட்டம்மா வந்து, "என்னங்க சத்தம்?" என்று கதவைத் தட்டினாள். எப்போதும் உள்ளேயிருந்தே, "டிவிங்க" என்று சொல்லிவிடுவேன். நேற்று கதவைத் திறந்தேன். "குடிச்சிட்டு விழுந்து கிடக்கார், புரட்ட ஒரு கை குடுங்க" என்றேன்.

அவள் ஆச்சரியப்படவே இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து கால்மாட்டில் பிடித்தாள். "எங்களுக்கு எப்பவோ தெரியுங்க. நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான் யாரும் கேக்கல" என்றாள்.

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, கண்ணு. யாருக்கும் தெரியக்கூடாது என்றுதானே உனக்கு அப்படி எழுதினேன். ஒரு பெண் போய்விட்டாள்.

என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் அம்மா முகவரியை மட்டும் எழுதி அனுப்பு. உன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவளிடம் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும். வேறு ஒரு வரியும் நீ எழுத வேண்டாம்.

அம்மா