கட்டேசானு என்ற ஒரு சொல்

நண்பா,

இன்று காலை திருப்பதி பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மாவு மில்லில் மோட்டாரைப் போட்டதும் கடை ரேடியோ கரகரத்தது. கடைக்காரர் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். டீயைத் தள்ளி வைத்துவிட்டு உனக்கு இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். புத்தூர் சாலை நூல் மில்லில் நீ எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். மோட்டாரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் புதிதாக டிரைவ் பெட்டி வந்திருந்தது. அது ஓடினால் குவார்ட்டர்ஸ் முழுக்க ரேடியோ இரையும். "உங்க மெஷின் ஓடிக்கினு இருந்தா எங்க ரேடியோ பல்லைக் கடிக்குது சார்" என்று ஓர் அம்மாள் உன்னை வழிமறித்தார். "அதுக்குச் சளி பிடிச்சுக்கினு இருக்கும்மா, மருந்து வாங்கியாச்சு" என்றாய். மருந்து என்றது ஃபில்டரை.

அதை மாட்டும்போது பார்க்க, பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்த என்னையும் அழைத்தாய். "டேய் பேப்பர்காரா, தள்ளி நில்லு." ஃபில்டர் இரைச்சலை எர்த் கம்பி வழியாக மண்ணுக்கு அனுப்பும், அந்தக் கம்பி இல்லாவிட்டால் கசியும் கரண்ட் இரும்புப் பெட்டியிலேயே நிற்கும் என்று விளக்கினாய். அதனால்தான் பழைய மெல்லிய எர்த் கம்பியைக் கழற்றிவிட்டுத் தடித்ததாகக் கட்டும்படி உன் ஃபிட்டர் முனிரத்தினத்திடம் சொல்லியிருந்தாய். அவர் வீட்டில் தெலுங்கு, உன் வீட்டில் தமிழ். மில்லில் இரண்டும் கலந்துதான் ஓடும். அதுவரை எங்கும் தடுக்கியதில்லை.

பெட்டிக்குப் பின்னால் இருந்தவரிடம், "எர்த் கட்டிட்டியாப்பா?" என்று கேட்டாய். மற்ற மெஷின்களின் சத்தத்தில் 'கட்டிட்டியா' மட்டும்தான் காதில் விழுந்ததாகப் பிறகு சொன்னார்.

"கட்டேசானு சார்."

தெலுங்கில் அதற்குக் கட்டிவிட்டேன் என்று பொருள். மோட்டாரையோ லைட்டையோ பற்றிய பேச்சென்றால், அணைத்துவிட்டேன் என்று பொருள். கம்பியைக் கழற்ற மெயினை அணைத்ததைத்தான் அவர் சொன்னார். எர்த் கட்டியாகிவிட்டது என்று நீ எடுத்துக்கொண்டாய். அவர் புதுக் கம்பி எடுக்க ஸ்டோருக்குப் போனார். நீ மெயினைப் போட்டு, பெட்டிக் கதவில் கை வைத்தாய். நான் ஓடிப்போய் மெயினை அணைத்தேன். அதற்குள் நீ போய்விட்டாய்.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் காதில் விழுந்ததை விழுந்தபடி சொன்னேன். அவர் அந்தச் சொல்லை எழுதிக்கொண்டு, "சரியாத்தானே சொல்லியிருக்கார்?" என்றார். சரியாகத்தான் சொல்லியிருந்தார். சரியாகத்தான் கேட்டும் இருந்தாய்.

சித்தூர் சர்ச்சில் உன்னை வைத்திருந்தபோது முனிரத்தினம் கேட்டுக்கு வெளியே நின்றார். உன் மனைவி அவரை உள்ளே கூப்பிட்டார். அவர் வரவில்லை. இப்போதும் எங்கேயாவது பார்த்தால் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

"அண்ணா, நீங்க பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தீங்க. ரெண்டு பாஷையும் தெரிஞ்சவரு. நா சொன்னது உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

உனக்குக் கேட்டது போலவேதான் எனக்கும் கேட்டது. அதை அவரிடம் பலமுறை சொல்லிவிட்டேன். தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார். மறுபடி பார்க்கும்போது மறுபடியும் கேட்கிறார்.