மூன்று வெட்டு வில்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். உன் சுகம் உன் கடிதத்தில் பாதிதான் இருந்தது, மீதியை நானே ஊகித்துக்கொண்டேன். சரியாகத் தூங்குவதில்லை போலிருக்கிறது, எழுத்து வரிக்கு வரி கீழே சரிகிறது. அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனாலும் முக்குளிப்புச் சிலிண்டர்களை ஒற்றைக் கையால் தூக்குவதை விடமாட்டேன் என்கிறார். நான் கையெழுத்திட நீ அனுப்பிய குகை முக்குளிப்பு மதிப்பீட்டுத் தாளைப் படித்ததும், "ஒரு கையெழுத்துதானே, நம்ம பிள்ளைக்குத்தானே, போட்டு அனுப்பேன்" என்றார். மாதக் கடைசிக்குள் சான்றிதழ் போகாவிட்டால் அந்த நிலத்தடி நீர் அளவைக் குழுவில் உன் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்பது எனக்கும் புரிகிறது. "எல்லாத்தையும் முடிச்சேன், குகையில கண்ணை மூடித் திரும்பற அந்தக் கடைசித் தூரத்தையும் நீ பார்த்ததா எழுதிடும்மா" என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் சொல்லுமுன் போன வாரம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் முக்குளிப்பு பழகும் பல் டாக்டர் ஒருவருக்குக் கண் மூடித் திரும்பும் தேர்வு. "அடுத்தவங்க வாய்க்குள்ள இருபது வருஷமா தடவிப் பார்த்தே வேலை செய்யறேன் மேடம், இந்தக் குகை என்ன செஞ்சிடும்" என்று சிரித்துக்கொண்டே இறங்கினார். தண்ணீருக்கடியில் குகையின் உள்ளே இருக்கும் பிளவுவரை போனோம். மாஸ்க்கைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டேன். வழிக்கயிற்றை விடாமல் வந்து, போகும்போது பிளவில் தான் கயிற்றில் மாட்டிய, விளிம்பில் வெட்டுக் குறியுள்ள பிளாஸ்டிக் வில்லையை மட்டும் தடவிக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வர வேண்டும், உனக்குத் தெரிந்ததுதான். அவருடையது ஒரு வெட்டு. அதற்குப் பக்கத்தில் உன்னுடைய மூன்று வெட்டு. இரண்டு வருடம் முன்பு அந்த இடத்தில் பயந்து நீ விளக்கைப் போட்டுக்கொண்டு வெளியே பாய்ந்தாயே, அன்று விட்டது இன்னும் அங்கேயே தொங்குகிறது. உரியவர்தான் எடுக்க வேண்டும் என்பதால் நான் தொடவில்லை, இறங்குகிற எல்லோரிடமும் அதை விட்டுவிடும்படி சொல்லித்தான் அனுப்புகிறேன். டாக்டர் அங்கே வந்ததும் சேறு கிளம்பித் தண்ணீர் பால் போலாகிவிட்டது, அவர் கை எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்து உள்ளங்கையை விரித்தார். மூன்று வெட்டு. "நான் எடுக்கல மேடம். என்னோடதுலதான் விரலை வெச்சேன். யாரோ விரலை மெதுவா விலக்கிட்டு இதைக் கையில வெச்சாங்க. நீங்கதான் சோதிக்கிறீங்கன்னு நினைச்சேன்" என்றார். நான் அவருக்கு இரண்டு கை தூரம் பின்னால் இருந்தேன். அடுத்தவர் வில்லையோடு வந்தால் தேர்ச்சி இல்லை, அப்படியே எழுதினேன். "பல்லை மாத்திப் பிடுங்கினா நோயாளி சும்மா விடுவாரா" என்று அவரே சொல்லி எழுந்துபோனார்.

அவர் வில்லையை எடுக்க உதவியாளரோடு மறுபடி இறங்கினேன், உன்னுடையதையும் கொண்டுபோனேன். "வெளிய வந்ததை ஏன் திரும்ப எடுத்துட்டுப் போற, தபால்ல அனுப்பிடு" என்று அப்பா கரையிலிருந்து திட்டினார். வில்லை வெளியே வந்தால் ஆளும் வெளியே வந்தாயிற்று என்று அர்த்தம். நீ வரவில்லையே. அதைப் பழைய இடத்தில் மாட்டினேன். உதவியாளர் என் முதுகுக்குப் பின்னால், வாசல் பக்கம். உள்பக்கம் யாரும் இல்லை, கயிறு அசையாமல் கிடந்தது. அப்போது உள்பக்கத்திலிருந்து கயிறு என் கைக்குள் ஒரு தடவை அழுந்தியது. கொஞ்சம் பொறுத்து, பாதியில் நின்ற இன்னொரு அழுத்தம். 'நலம்' சொல்ல ஒரு தடவை அழுத்தினால் போதும் என்று எத்தனை தடவை உனக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன், நீ எப்போதும் கூடச் சேர்க்கும் அந்தப் பாதி அழுத்தத்துக்காக. கேட்டால் பதில் கொடுக்க வேண்டும் என்பது விதி, நானும் ஒரு தடவை அழுத்தினேன். உதவியாளரிடமோ அப்பாவிடமோ இதைச் சொல்லவில்லை.

தாளைக் கையெழுத்தில்லாமல் இதோடு திருப்பி அனுப்புகிறேன், கோபப்படாதே. நான் பார்க்காததைப் பார்த்ததாக எழுதினால், ஏதோ ஒரு ஊர்க் குகையில் விளக்கு அணையும்போது அந்தக் கையெழுத்தா உன்னை வெளியே கூட்டிக்கொண்டு வரும்? வேலை போனால் போகட்டும், வேறு வேலை வரும். லீவு போட்டு வா. உன் பின்னால் இரண்டு கை தூரத்தில் இருப்பேன், தொடமாட்டேன். வரும்போது உன் சொந்த மாஸ்க்கைக் கொண்டுவா, நகத்தை ஒட்ட வெட்டிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. எந்தத் தண்ணீரும் உனக்கு வழி விடட்டும், நீண்ட ஆயுளோடு இரு. வரும் தேதியை மட்டும் சீக்கிரம் சொல். அதுவரை, குகைக்குள் எத்தனை பேர் என்று குறிக்கும் கரைப் பலகையில், உள்ளே ஒருவர் இருக்கிறார் என்றே எழுதி வைத்திருக்கிறேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அம்மா