நூறு வோல்ட் பெட்டி

12.3.2007, திங்கள்
லண்டனிலிருந்து தம்பி தவநேசனின் பொதி வந்திருக்கிறதாம். அவன் விபத்தில் போய் ஒன்றரை வருடம். கூட வேலை செய்த நண்பர் அனுப்பியிருக்கிறார். வீடியோ விளையாட்டு எழுதுகிறவர்களுக்கென்று ஜப்பானில் கொஞ்சமாகச் செய்த பழைய இயந்திரம் என்று முன்னமே கடிதத்தில் எழுதியிருந்தார். தம்பி எழுதிய விளையாட்டு பிளொப்பியில் இருக்கிறதாம். கம்பியூட்டரோடு பொருத்தினால்தான் ஓடுமாம். கம்பியூட்டர் வகுப்பு நடத்துகிற நானே அப்படி ஒன்றைக் கண்டதில்லை. இவர் நாளைக்குக் கந்தோரில் வேலை முடிந்து வரும்போது எடுத்து வருவார்.

13.3.2007
ஆறு மணியாகிவிட்டது. இன்னும் வரவில்லை.

14.3.2007
நேற்று இவரை ஆமிச் சோதனைச் சாவடியில் பிடித்துவிட்டார்கள். மீன் விற்கிற ஸெய்னுதீன் கண்டிருக்கிறார். "சைக்கிள்ல கட்டியிருந்த பெட்டியப் பிரிச்சாங்க. உள்ளுக்கெல்லாம் வயர். ஐயாவ நிலத்துல படுக்க வெச்சிட்டாங்க" என்றார்.

முகாம் வாசலில் மூன்று மணித்தியாலம் நின்றேன். இவர் பேரைச் சொல்லிக் கேட்டதற்கு, கனகசுந்தரம் என்று ஒருவரும் இங்கே இல்லை என்றார்கள். உள்ளே, மதிலோரம், இவருடைய சைக்கிள் சாத்தியிருந்தது.

15.3.2007
திரும்பப் போனேன். தமிழ் பேசுகிற அதிகாரி ஒருவர் வந்தார். "விளையாட்டுச் சாமான் எண்டு உங்கட ஆள் சொல்லுறார். எங்களுக்கு அப்பிடித் தெரியல்ல. திங்கட்கிழமை வந்து ஓட்டிக் காட்டுங்க." அப்படியென்றால் உள்ளேதான் இருக்கிறார். உயிரோடு இருக்கிறார்.

பெட்டியைத் தொட விடவில்லை. பார்க்க மட்டும் விட்டார்கள். சாம்பல் நிற விளையாட்டு இயந்திரம். அதிலிருந்து தடித்த கேபிள். அந்தக் கேபிள் போய்ச் சேருகிற பலகையைக் கம்பியூட்டருக்குள் செருக வேண்டும். முழ நீளம். என் வகுப்புக் கம்பியூட்டர் ஒன்றிலும் அதற்கு இடமில்லை, எல்லாம் புதிசு. இயந்திரத்தின் அடியில் 100V என்று எழுதியிருக்கக் கண்டேன். எங்கள் கரண்ட் 230. நேரே கொடுத்தால் எரிந்துவிடும். பிறகு எதைக் காட்டுவது?

16.3.2007
கிண்ணியாவுக்குப் பாதைப்படகில் போனேன். அரிசி ஆலை முத்தலிப் நானாவிடம் பத்து வருடப் பழைய கம்பியூட்டர் இருக்கிறது. நான்தான் இரண்டு தரம் திருத்திக் கொடுத்தனான். மூடியைக் கழற்றிப் பார்த்தேன். அந்தப் பலகைக்கான நீளச் செருகு இருக்கிறது! எதற்கு என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. பிறகு சொன்னார்: "கொண்டு போங்க புள்ள. கேட்டா, என்ட சாமான்தான் எண்டு என்ட பேரயே சொல்லுங்க." கரண்டைக் குறைக்கிற ட்ரான்ஸ்போமர் ஒன்றையும் எங்கேயோ வாங்கித் தந்தார்.

18.3.2007
ஒன்று இப்போதுதான் மண்டையில் ஏறுது. அது என்ன விளையாட்டு? எனக்கே தெரியாதே. சுடுற விளையாட்டாய் இருந்தால்? கப்பலுக்குக் குண்டு வைக்கிறதாய் இருந்தால்? அவங்களுக்கு முன்னால நானே போட்டுக் காட்டப்போறன் — தவம், என்னடா எழுதி வச்சனீ?

19.3.2007
எழுதியே ஆகவேண்டும்.

ஒரு மேசை, ஒரு டிவி, எட்டு ஆமிக்காரர், எட்டுத் துவக்கு. நான் கம்பியூட்டருக்குள் பலகையைச் செருகிக்கொண்டிருக்க, ஒருவன் இயந்திரத்தின் வயரை எடுத்து நேரே சுவருக்குக் கொண்டுபோனான். "ஐயோ, போடாதைங்கோ!" என்று கத்திவிட்டேன். எல்லாரும் நிலத்தில் விழுந்தார்கள். அவர்கள் தலை நிமிர்ந்தபோது துவக்கெல்லாம் என் பக்கம். "எரிஞ்சு போகும், சேர்... கரண்ட் கூட... அவ்வளவுதான்..." அதிகாரி அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ட்ரான்ஸ்போமரைத் தன் கையாலேயே செருகினார்.

முதல் தரம் ஒன்றும் வரவில்லை. பிளொப்பி கிறீச்சிட்டு நின்றது. பலகையைக் கழற்றி, சேலைத் தலைப்பால் அதன் பல்லைத் துடைத்துத் திரும்பச் செருகினேன். இரண்டாம் தரம் டிவியில் கோடுகள். பிறகு படம், கறுப்பு வெள்ளையில். கடல். ஒரு வள்ளம்.

வள்ளத்தைக் கண்டதும் அறையில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. நானும்தான்.

வள்ளம் வலை வீசியது. மீன் துள்ளி ஏறியது. நண்டு ஒன்று வந்து வலையை வெட்டியது. பின்னால் ஒருவன் சிரித்துவிட்டான்.

"வள்ளத்தில என்ன எழுதியிருக்கு?" என்றார் அதிகாரி.

"மலர். என்ர பேர், சேர். யோகமலர்." அங்கேதான் அழுதேன்.

பின்னேரம் இவரை விட்டார்கள். பெட்டி அங்கேதான். நான் கேட்கவில்லை.

21.3.2007
கம்பியூட்டரைத் திருப்பிக் கொடுத்தேன். முத்தலிப் நானா ஒன்றும் விசாரிக்கவில்லை. தேத்தண்ணி தந்தார்.

இவர் கதைக்கிறாரில்லை. வலது கை விரல்கள் மடங்காது, சாப்பாட்டை நான்தான் பிசைந்து கொடுக்கிறேன்.

2.5.2007
இன்றிலிருந்து இவர் வேலைக்குப் போகிறார். கந்தோர் வரை நானும் நடந்தேன். சாவடி தெரிந்ததும் இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் தெருவில் ஒரு நாளும் பிடித்ததில்லை. தெரிந்தவர்கள் எதிரே வந்தார்கள். விடவில்லை.