பாதையில் நின்ற சோர்கா

கில்டூனா
10 அக்டோபர் 1938

அன்பு மகள் ஊனாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் உன் தம்பிகளும் நலம், பாஸ்டன் குளிரில் நீ இருமாமல் இருக்கிறாய் என்றே நம்புகிறேன். நீ அனுப்பிய சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் எழுதுகிறேன். உருளைக்கிழங்கு தோண்டி முடித்தாயிற்று, இந்த முறை அழுகல் இல்லை.

பள்ளிக்கூட வாத்தியார் நம் ஊரில் பேர் சொல்லும்படி வாழ்ந்தவர்களின் கதைகளை ஒரு நோட்டில் எழுதி டப்ளினுக்கு அனுப்பப் போகிறார். நேற்று பூசை முடிந்ததும் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டார். படகை ஒற்றை ஆளாய்த் தூக்கிய மல்லன், ரோமாபுரிக்கு நடந்தே போன பாதிரியார் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசிப் பக்கம் மட்டும் மிச்சமிருந்தபோது உன் அப்பா எழுந்து, சோர்காவை எழுதுங்கள் என்றார். பக்கத்து வீட்டு ஃபெஸ்டி விடுவானா, "அந்தச் செம்பட்டச்சியா? அவ பேர எழுதினா நோட்டு ஏறுற ரயிலே கவுந்துடும்பா" என்றான், எல்லோரும் சிரித்தார்கள். கடலுக்குப் போகும்போது செம்பட்டை முடிக்காரி எதிர்ப்பட்டால் நம் ஆட்கள் வீடு திரும்பிவிடுவது உனக்குத் தெரியும், அதனாலேயே படகுகள் போகும்வரை அவள் கதவைத் திறக்கமாட்டாள். ஆனால் நீ தொட்டிலில் கிடந்த வருஷம் ஒரு விடியலில் அவள் முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு நடுப்பாதையில் வந்து நின்றாளாம். போயும் போயும் உன் மூஞ்சியிலா முழிக்கணும் என்று அப்பா கல்லெறிந்தாராம், அவள் புருவத்துத் தழும்பு அதுதானாம். நம் ஊர்ப் படகு நான்கும் அன்று கடலில் இறங்கவில்லை. மதியத்துக்குள் புயல், அடுத்த ஊரில் ஒன்பது பேர் கரைசேரவில்லை. "அவ வேணும்னேதான் வந்து நின்னா. அன்னிக்குச் சாயங்காலமே எனக்குப் புரிஞ்சுது, சொல்ல வாய் வரல" என்றார் அப்பா. அதன்பின் யாரும் சிரிக்கவில்லை, வாத்தியார் எழுதிக்கொண்டார்.

அவளிடம் முப்பது வருஷமாக முட்டை வாங்குகிறேன், தழும்பைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. அன்று அப்பா உயிர் தப்பி, பிறகு உன் தம்பிகள் இருவரும் பிறந்ததே அவளால்தான். நேற்றே சூடான ரொட்டியோடு போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நோட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் சொன்னாள்: "எழுதட்டும். ஆனா முந்தின நாளே உன் புருஷன்கிட்ட காத்து மாறுதுன்னு வாயால சொன்னேன், பொம்பள பேச்சுன்னு கேக்கல. அதையும் சேத்து எழுதச் சொல்லு." இன்று காலை அப்பா அதற்காகவே பள்ளிக்கூடம் போனார். அந்தக் கடைசிப் பக்கத்தில் இனி இடமில்லை என்றாராம் வாத்தியார், ஓரத்திலாவது எழுதும்வரை இவர் நகரவில்லையாம்.

ஆண்டவர் உன் வாசலைக் காக்கட்டும். கம்பளிக் காலுறை போடாமல் வேலைக்குப் போகாதே. சோர்காவுக்கும் இரண்டு வரி எழுது, அப்பாவே கொண்டுபோய் வாசித்துக் காட்டுகிறேன் என்கிறார்.

உன் அம்மா
நேப்லா