பழசைப் பேசாத சமாதானம்

அம்மா,

எதிர்ச் சுவரில் இன்று காலை போஸ்டர் ஒட்டினார்கள். மைதாப் பசையின் புளிப்பு வாடை கூடம் வரை வந்தது. எட்டிப் பார்த்தேன். நாம் பார்த்த இங்கிலீஷ் படம். வேறு வேறு கிரகத்துக்காரர்கள் இருவர் ஒரு மேசைக்கு எதிரெதிரே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, மேலே வானத்தில் கப்பல்கள். காலைக் காட்சிக்கு மறுபடி வந்திருக்கிறது.

அன்று நாம் இருவர்தான் போனோம். படம் தொடங்கிய பிறகு, பெண்கள் பக்கத்தில் ஒருத்தி இருட்டில் தடவிக்கொண்டு வந்து எனக்கு மறுபுறம் உட்கார்ந்தாள். அத்தை. அண்ணன் அவள் மகளைக் கட்டாமல் பம்பாயில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டதிலிருந்து உன்னோடு பேசாதவள். அப்பா இறந்தபோதுகூட, தன் தம்பிக்காக அழுதுவிட்டு, உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனவள்.

“வானத்துல பறக்குறாங்களேன்னு சாமி படம்னு நெனச்சு வந்துட்டேன்டி,” என்றாள் என் காதில். “யாரு இந்த மொட்டையன்? அசுரனா?”

நீ முந்தானையைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாய்.

திரையில், தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டவர்கள் உடன்பாடு செய்துகொண்டார்கள். உங்கள் இருவருக்கும் கேட்கும்படி நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பழைய போரைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் மறுபடி போர்.

“பழசைப் பேசலைன்னா சண்டை வராதாம், அண்ணி,” என்றாய் நீ, என்னைத் தாண்டி.

அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எத்தினி நாளைக்குப் பேசாம இருப்பானுங்களாம்?”

“இருந்துதான் பாக்கட்டுமே.”

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில், கோயிலிலிருந்து திரும்பும் வழியில் அத்தை நம் வீட்டில் காப்பி குடிக்கத் தொடங்கினாள். ஜரிகை விலை, கருட சேவைக் கூட்டம், யார் வீட்டில் தறி சும்மா கிடக்கிறது என்று எல்லாம் பேசினீர்கள். அண்ணனுக்குப் பிள்ளை பிறந்த செய்தி வந்த வெள்ளிக்கிழமையும் நீ ஜரிகை விலையைத்தான் பேசினாய். பிறகு பேரனின் புகைப்படம் வந்தது; சட்டம் போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டினாய். வாசலில் “ஏம்மா, இருக்கியா?” என்ற குரல் கேட்டதும் அதை ஆணியிலிருந்து கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைப்பாய். அவள் போனதும் துடைத்து மாட்டுவாய்.

“எதுக்கும்மா இப்படி?” என்று ஒருநாள் கேட்டேன்.

“வர்றவ வந்துக்கினு இருக்கட்டும்டி. உங்க அப்பாவைச் சின்னப் புள்ளையா பாத்தவ வேற யாரு இருக்கா எனக்கு?”

உன் காரியத்துக்குத் தனியாக வந்த அண்ணன் முகத்தைக்கூட அத்தை பார்க்கவில்லை. அதன் பிறகு இன்றுதான் வந்தாள். காரியத்தன்று மறைத்து வைத்த படத்தை இன்று கழற்ற எனக்குத் தோன்றவே இல்லை.

“அந்த மொட்டையன் படம் மறுபடி வந்திருக்குதுடி…” என்று தொடங்கியவள் சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள். “யாருடி இது? என் தம்பி ஜாடையா இருக்குது.”

“அண்ணன் பையன், அத்தை. அப்பா பேரைத்தான் வச்சிருக்காங்க.”

அந்தப் பெயரை ஒரு முறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“இத்தினி வருசமா அவ ஏன்டி சொல்லல?”

“பழசைப் பேசக் கூடாதுன்னு…”

“பொறந்த புள்ள எப்படிடி பழசாவும்?”

காப்பி ஆறிப்போனது. போகும்போது படத்தைக் கேட்டாள். கொடுத்தேன். முந்தானைக்குள் வைத்து, மார்போடு அணைத்து எடுத்துப் போனாள்.

சுவரில் வெறும் ஆணி இருக்கிறது. உன்னிடம் சொல்ல அடுக்களை வரை போய்விட்டேன், அம்மா.