நிற்காத வாட்ச்

ஜூலை 31, 2004, சனி

காலையிலிருந்து தூறல். சுடிதார் மூன்றாவது நாளாகக் காயவில்லை. சந்தாபுரா பஸ் ஸ்டாண்டில் கணுக்கால் வரை சேறு. நான் தங்கியிருக்கும் பி.ஜி.யில் வெந்நீர் இல்லை.

ஆரணியிலிருந்து அப்பா போன். நிச்சயதார்த்தம் ஆவணி முதல் ஞாயிறு.

"மாப்பிள்ளைக்கு வாட்ச் நீயே பாத்து எடுத்துடும்மா. பெங்களூர்ல கிடைக்காததா? ஆனா ஒண்ணு, நிக்காத வாட்சா பாரு."

ஏன் சொன்னார் என்று தெரியும். அக்கா நிச்சயத்தில் மாமாவுக்குக் கொடுத்த வாட்ச் ஒரே மாதத்தில் நின்றது. பேட்டரிதான். ஆனால் எட்டு வருடமாக மாமா அதை விடவில்லை. குழம்பில் உப்பு குறைந்தால்கூட "உங்கப்பா எடுத்த வாட்ச் மாதிரி இருக்கு" என்பார். அக்கா சிரித்துக்கொண்டே உப்பு எடுக்கப் போவாள். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டாம்.

ஆபீசில் பக்கத்து சீட் நேத்ராவிடம் சொன்னேன். துமகூர்ப் பெண், தமிழ் கொஞ்சம் வரும். "வெளிச்சத்துல ஓடற வாட்ச் இருக்கு கணே. பேட்டரி மாத்தவே பேடா, வேணாம்" என்றாள்.

ச. பற்றித் தெரிந்தவை (சரவணன். முழுப் பெயர் எழுதக் கூச்சமாக இருக்கிறது):
– வீடு ஆஸ்டின் டவுன். தாத்தா காலத்திலேயே வந்தவர்கள்.
– பொம்மசந்திராவில் லேத் வேலை. இடது கையில் தீக்காயத் தழும்பு.
– பெண் பார்க்க வந்தபோது கேசரி இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்.

தெரியாதவை:
– மணிக்கட்டு அளவு.
– என்னைப் பிடித்திருக்கிறதா.

ஆகஸ்ட் 1, ஞாயிறு

கமர்ஷியல் ஸ்ட்ரீட். நாலு கடை. தலைவலி.

முதல் கடையில் சோலார் என்றார்கள். இரண்டாவதில் சோலார் வேறு, லைட் வேறு என்றார்கள். மூன்றாவதில் கையை ஆட்டினால் ஓடும் வாட்சைக் காட்டி இதுதான் நல்லது என்றார்கள். லேத்காரர் கை ஆடாமல் இருந்தால்தானே விரல் மிஞ்சும்?

நாலாவது கடைப் பையன் தமிழ் பேசினான். உட்காரவைத்துப் பேசினான்.

"வெளிச்சம்தான் மேடம் இதுக்கு சாப்பாடு. வெயில், டியூப் லைட், எது பட்டாலும் சரி. வயிறு ஃபுல் ஆச்சுன்னா ஆறு மாசம் இருட்டுலயும் ஓடும்."

"கீழ விழுந்தா?"

"வாட்ச் உடையாது மேடம். தரைய பாத்துக்கங்க."

ஐம்பது மீட்டர் தண்ணீர் தாங்குமாம். சந்தாபுராவில் ஐம்பது மீட்டர் தண்ணீர் எங்கே இருக்கிறது? எங்கள் மாடித் தொட்டியில் ஐந்து அடிகூட இல்லை.

கறுப்பு டயலா வெள்ளையா. கறுப்பில் அழுக்கு தெரியாது. அம்மாவிடம் கேட்டால் "நல்ல காரியத்துக்குக் கறுப்பா?" என்பாள். தோல் பட்டையா ஸ்டீலா. தோல் ஆயிலில் ஊறிவிடும். ஸ்டீல் லேத் பக்கத்தில் ஆபத்தா? யாரைக் கேட்பது? அவரையே கேட்கலாம். கேட்டால் நிச்சயத்துக்கு முன்பே போன் செய்தாள் என்று ஆகும்.

எதுவும் வாங்காமல் மசால் பூரி சாப்பிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 7, சனி

வாங்கியாயிற்று. வெள்ளை டயல், ஸ்டீல் பட்டை, எண்கள் இல்லை, கோடுகள் மட்டும். அதே கடை.

ஷோகேசில் இருந்ததையே எடுத்து நீட்டினான். நானா விடுவேன்? எத்தனை பேர் கை பட்டதோ. "இது வேணாம். உள்ள இருக்கற புது பீஸ் குடுங்க" என்றேன். "இதுவும் புதுசுதான் மேடம், இது நல்லா…" என்று ஏதோ சொல்ல வந்தான். அம்மா மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளே போய், பெட்டியோடு, கண்ணாடி மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளோடு கொண்டுவந்தான். ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பெருமை.

மறக்காமல்: ஜாக்கெட் துணி, அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம், சேஃப்டி பின்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு, ஆரணி

நிச்சயம் முடிந்தது. வெயில் கொளுத்தியது. இலையில் வடை சூடு, மற்றதெல்லாம் ஆறியது.

அப்பா தட்டில் வாட்ச் பெட்டியை வைத்துக் கொடுத்தார். ச. திறந்து பார்த்து, பக்கத்தில் நின்ற தன் தம்பியிடம் மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார். எனக்குக் காதில் விழுந்தது. "சக்கத்தா இருக்கு."

சக்கை மாதிரியா? சக்கையா இருக்கு என்றாரா? பெட்டியை மூடிவிட்டார். கையில் கட்டவில்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். என் முகம் போட்டோவில் எப்படி இருக்கப்போகிறதோ.

அவர்கள் வீட்டுப் புடவை மாம்பழ மஞ்சள். அழகு. டிரங்குப் பெட்டியில் வேப்பிலை போட்டு வைத்துவிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகுதான் தொடுவேன்.

ஆகஸ்ட் 24, செவ்வாய்

நேத்ராவிடம் கேட்டேன். "சக்கத் அந்த்ரே சூப்பர் கணே!" ஆபீசே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். அப்பாடா. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, சூப்பருக்காக.

கன்னடம் கற்றுக்கொள்ள வேண்டும். முப்பது நாளில் என்று ஒரு புத்தகம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன்.

செப்டம்பர் 12, ஞாயிறு

புத்தகம் வாங்கவில்லை. மழை.

ச.வும் அவர் அம்மாவும் முகூர்த்த ஜாக்கெட்டுக்கு அளவு வாங்க பி.ஜி. வாசலுக்கு வந்தார்கள். அத்தை மல்லிகைப் பூ கொடுத்தார். அவர் கையைப் பார்த்தேன். வெறும் கை. வாட்ச் கட்டிய தடம்கூட இல்லை. ஒருவேளை கழற்றிவைத்துவிட்டு வந்திருக்கலாம். ஒருவேளை மறந்திருக்கலாம். ஒருவேளை சக்கத் என்பதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம்.

கேட்கவில்லை. டீ குடித்தார்கள், போய்விட்டார்கள்.

செப்டம்பர் 18, சனி

சாயந்திரம் பஸ் ஸ்டாப்பில் ச. நின்றுகொண்டிருந்தார். தனியாக. வேலை முடிந்த சட்டை, கையில் வாட்ச் பெட்டி. திருப்பிக் கொடுக்க வந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"நித்யா… பேஜார் பண்ணிக்காதீங்க. வாட்ச் நின்னுபோச்சு."

"கீழ போட்டீங்களா?"

"ஐயோ, இல்லங்க. நான் கட்டவே இல்ல. பீரோலயேதான் இருந்துச்சு. சித்தப்பாக்குக் காட்டலாம்னு எடுத்தேன், நின்னிருந்துச்சு. அம்மாகிட்ட இன்னும் சொல்லல."

கட்டவே இல்லை. இந்த இரண்டு வார்த்தைக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. அத்திப்பள்ளி பஸ் வேறு ஹாரன் அடித்தது. "குடுங்க, நான் பாக்கறேன்" என்று பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். முகம் பார்க்கவில்லை.

அறையில் திறந்தேன். அந்துருண்டை வாசனை. வாட்சைப் புதுக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கிறார். கண்ணாடி மேல் ஒட்டிய தாளைக்கூட உரிக்கவில்லை. பெட்டி மூடியில் குங்குமம் தெறித்த மாதிரி ஒரு கறை.

நாலு கடை ஏறி இறங்கி எடுத்தது. தாளைக்கூட உரிக்கவில்லை!

இதில் நின்றும் போய்விட்டது. நாலே வாரம். அக்காவுடையது ஒரு மாதம் தாங்கியது. என்னுடையது அதையும் முந்திவிட்டது.

செப்டம்பர் 25, சனி

மூடிய வானம். திங்கட்கிழமை கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கப்போவதாக அப்பா சொல்லியிருக்கிறார். அதற்குள் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். வாட்சில் குறையா, மனுஷனிடம் குறையா.

கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்குப் போகத் தெம்பில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ரிப்பேர் கடையில் கொடுத்தேன். பெரியவர், கன்னடம் மட்டும். ஒரு கண்ணில் லென்சை இடுக்கிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மூடினார். சொன்னார்:

"ஏனூ கெட்டில்லம்மா."

கெட்டி இல்லை. அவ்வளவு கேட்டுக் கேட்டு வாங்கியது, கெட்டியே இல்லையாம்.

"கெட்டி இல்லயா?" என்று தமிழிலேயே கேட்டேன்.

"கெட்டில்லா, கெட்டில்லா" என்று தலையை ஆட்டினார். அதுவும் சிரித்துக்கொண்டே. பிறகு கையை மேலே காட்டி, "பிசிலல்லி இடி" என்றார். இடி என்றால்? இடித்துப் பார்க்கச் சொல்கிறாரா? மேலே காட்டியது கடவுள் விட்ட வழி என்றா?

காசு நீட்டினேன். வாங்கவில்லை. உயிர் போன பிறகு டாக்டர் பீஸ் வாங்காத மாதிரி.

நடந்தே வந்தேன். அழுகை வந்தது, யாரும் பார்க்கவில்லை. பார்த்தாலும் மழை என்று நினைத்திருப்பார்கள்.

செப்டம்பர் 26, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். காயவில்லை.

அப்பாவுக்குப் போன் செய்தேன். "பத்திரிகைய நாளைக்கு அச்சுக்குக் குடுக்காதீங்க. ஒரு வாரம் பொறுங்க."

அந்தப் பக்கம் அம்மா மிக்சி போடுவது கேட்டது.

"என்னம்மா… அவங்க ஏதாவது பேசினாங்களா?"

"இல்லப்பா."

"நீ ஏதாவது…"

"எனக்கே தெரியலப்பா."

உண்மைதான். என்ன சொல்வது? அவர் கை வெறுமையாக இருந்தது என்றா? ரிப்பேர்க்காரர் வானத்தைக் காட்டினார் என்றா? ஒரு வாட்சுக்காகக் கல்யாணத்தை நிறுத்துகிறவள் பைத்தியம். அது தெரிகிறது. நின்ற வாட்சோடு ஆரம்பித்து எட்டு வருடமாக உப்பு எடுத்துக்கொண்டிருக்கிறவளும் எனக்குத் தெரியும்.

எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. எழுதிவிட்டேன். அதுதான் இவ்வளவு வலிக்கிறது.

செப்டம்பர் 27, திங்கள்

கேன்டீனில் பிசிபேளா பாத். நேத்ராவிடம் சொன்னேன், ரிப்பேர்க்காரர் சொன்னதை அப்படியே. "வாட்ச் கெட்டியே இல்லன்னு சொல்லிட்டார் நேத்ரா."

சாப்பிடுவதை நிறுத்தினாள். "சரியா ஏன் ஹேளிதரு? என்ன சொன்னாரு?"

"ஏனூ கெட்டில்ல."

அவளுக்குப் புரை ஏறிவிட்டது. தண்ணீர் கொடுத்து முதுகில் தட்டினேன். "அய்யோ ஹுச்சி, பைத்தியம்! கெட்டில்லா அந்த்ரே… உங்க தமிழ்ல, கெட்டுப் போகல! ஒண்ணும் கெட்டுப் போகலன்னு சொல்லியிருக்காரு!"

கெட்டுப் போகவில்லை. ஒன்றும் கெட்டுப் போகவில்லை.

"அப்ப பிசிலல்லி இடி?"

"பிசிலு அந்த்ரே வெயில். வெயில்ல வை அந்த்ரு. லைட் வாட்ச் கணே! எங்க வெச்சிருந்தாரு உன் மாப்பிள்ள?"

பீரோவில்.

கடையில் உள்ளே இருட்டில் கிடந்ததைத்தான் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன். அதை அவர் கொண்டுபோய்ப் பீரோ இருட்டில் வைத்தார். வெளிச்சம் சாப்பிடும் வாட்சை இரண்டு பேரும் சேர்ந்து பட்டினி போட்டிருக்கிறோம்.

பி.ஜி. வந்ததும் பெட்டியை மறுபடி எடுத்தேன். பெட்டி அதேதான். அந்துருண்டை, பூச்சி வந்துவிடக் கூடாது என்று. கைக்குட்டையின் மூலையில் கடைச் சீட்டு, இதற்காகவே வாங்கியது. உரிக்காத தாள். மூடியில் இருப்பது கறை இல்லை, பொட்டு. விரலால் வைத்த பொட்டு. சாமி படத்துக்கு வைக்கிற மாதிரி.

என் டிரங்குப் பெட்டியில் மாம்பழ மஞ்சள் புடவை வேப்பிலையோடு கிடக்கிறது. அதை நான் ஒரு நாளாவது கட்டினேனா? அவர் கேட்டாரா?

வெட்கமாக இருக்கிறது. ரொம்ப.

செப்டம்பர் 28, செவ்வாய்

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வாட்சை வைத்துப் பக்கத்திலேயே நின்றேன். ஏழு மணியிலிருந்து எட்டரை வரை. வெயில் இல்லை. ஒரே மேகம். பெங்களூரில் வெயிலுக்குக் காத்திருப்பது என் தலையெழுத்து. முள் அசையவில்லை.

ஓடட்டும் பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம் ஏன் காத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. ஓடாவிட்டாலும் என் பதில் மாறப்போவதில்லையே.

ஆபீஸ் போகும் முன் அப்பாவுக்குப் போன். "அச்சுக்குக் குடுங்கப்பா."

"என்னம்மா ஆச்சு?"

"கன்னடம் தெரியாம போச்சுப்பா."

"ஆங்?"

"வந்து சொல்றேன்."

செப்டம்பர் 29, புதன்

வெயில்!

ஆபீசுக்கு நேரமாகிவிட்டது, மாடியில் விட்டுப் போக மனமில்லை. தாளை உரித்தேன். என் கையிலேயே கட்டிக்கொண்டேன். முழங்கை வரை இறங்குகிறது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் சண்டை போட்டு வாங்கி, கையை வெளியே நீட்டிக்கொண்டே போனேன். கண்டக்டர் திட்டினார். கன்னடத்தில்தான், இதற்கு அர்த்தம் புரிந்தது.

ஹெப்பகோடி தாண்டும்போது முள் குதித்தது. இரண்டு விநாடி நின்று ஒரு குதி, மறுபடி நின்று ஒரு குதி. நொண்டுகிறதோ என்று பயம். பெட்டிக்குள் அடியில் கிடந்த கையேட்டை இன்றைக்குத்தான் படித்தேன். பசியாக இருந்தால் அப்படித்தான் குதிக்குமாம். மத்தியானம் ஆபீஸ் ஜன்னலில் வைத்திருந்தேன். நாலு மணிக்கு ஒவ்வொரு விநாடியாக ஒழுங்காக ஓடியது. நேத்ரா கை தட்டினாள்.

சாயந்திரம் அவருக்குப் போன் செய்தேன். பின்னால் மிஷின் சத்தம்.

"ஓடுதுங்க" என்றேன்.

பெருமூச்சு கேட்டது. "நிஜமாவா? நான் தூங்கவே இல்ல நித்யா. கல்யாணத்தன்னைக்கு புதுசா கட்டணும்னு எடுத்து வெச்சேன். தொட்டா கீறல் விழுந்துரும்னு."

"பீரோல வெக்காதீங்க. அதுக்கு வெளிச்சம் வேணும்."

"இங்க ஆயிலு, பிசிறு எல்லாம் தெறிக்கும்ங்க."

"தெறிக்கட்டும். சும்மா கட்டிக்குங்க."

மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"வாட்சையா?"

"அதையும்தான்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.